வாக்களிப்பதைக் கட்டாயமாக்கலாமா? தோட்டத்துக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு பாடசாலை ஆசிரியர். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக் கடமைக்குப் போவேன். மற்ற நாட்களில் இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாராவது கூப்பிட்டால், வாக்காளர் விளக்கக் கூட்டங்களில் பேசுவேன். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் நூற்றுக்கு 79 பேர் வாக்களித்தார்கள். இரண்டே மாதத்தில், நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அது 69 ஆக இறங்கியது. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் இன்னும் குறைந்தது. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "ஓட்டுப் போடாதவனுக்குத் தண்டம் அடித்தால் என்ன சேர்?" கூட்டத்தில் நின்றபடி சொன்ன பதில்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதியிருக்கிறேன்.

இப்போது இலங்கையில் வாக்குப் போடாவிட்டால் தண்டனை உண்டா?

இல்லை. வாக்குரிமை மக்களின் இறைமையில் ஒரு பகுதி என்று அரசியலமைப்பின் 3ஆவது உறுப்புரை சொல்கிறது. வாக்களிப்பு சுதந்திரமாக, சமமாக, இரகசியமாக நடக்க வேண்டும் என்பது 93ஆவது உறுப்புரை. பிரசைகளின் கடமைகள் 28ஆவது உறுப்புரையில் வரிசையாக இருக்கின்றன: சட்டத்தை மதிப்பது, பொதுச் சொத்தைக் காப்பது, இயற்கையைப் பேணுவது என்று. அந்த வரிசையில் வாக்குப் போடுவது இல்லை. இருந்திருந்தாலும் அந்தக் கடமைகளுக்காக யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது.

வாக்குப் போடப் போகாவிட்டால் அரசாங்கம் தருகிற அஸ்வெசும உதவிப்பணம் வெட்டுப்படுமாமே? வீட்டுக்குக் காணி கிடைக்காதாமே?

வெட்டுப்படாது. காணிக்கும் வாக்குக்கும் சட்டத்தில் தொடர்பே இல்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது வீட்டுக்கு வந்தால் அது மிரட்டல், தேர்தல் குற்றம். தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் வயதான அம்மாமார். இதில் ஒன்று கவனித்தேன். சட்டத்தில் கட்டாயம் இல்லாவிட்டாலும், பயத்தில் கட்டாயம் ஏற்கெனவே இருக்கிறது.

கட்டாயம் என்று சட்டம் போட்டால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? உள்ளே போய் என்ன போட்டோம் என்று பார்ப்பார்களா?

பார்க்க முடியாது. வாக்கு இரகசியம். நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பது மட்டும் வாக்காளர் இடாப்பில் பெயர் வெட்டுவதை வைத்துத் தெரியும். சீட்டை வாங்கி, மறைவுக்குள் போய், எதுவும் போடாமல் அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டாலும் உங்கள் கடமை முடிந்துவிடும். ஆகவே வாக்களிப்பைக் கட்டாயமாக்குவது என்றால் உண்மையில் வருகையைக் கட்டாயமாக்குவதுதான். காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டுக்களத்தில் போய் நின்று பேர் கொடுப்பது மாதிரி. பேர் விழுந்துவிடும், அதற்குப் பிறகு மலையில் எவ்வளவு கொழுந்து எடுத்தீர்கள் என்பது வேறு கணக்கு.

ஒரு தோட்டத்தில் இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்து ஓர் அக்கா, "அப்போ அன்றைக்கு அரைப் பேராவது போடுவார்களா?" என்று கேட்டார். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். கூட்டமே சிரித்தது. ஆனால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. கீழே அதற்கு வருகிறேன்.

எந்த நாடுகளில் இப்படிச் சட்டம் இருக்கிறது? அங்கே பலித்ததா?

பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும், கணக்கை மட்டும் பார்த்தால். அவுஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் நூற்றுக்கு அறுபது பேர்கூட வாக்களிக்கவில்லை. 1924இல் கட்டாயச் சட்டம் வந்தது. 1925 தேர்தலில் 91க்கு மேல் ஏறிவிட்டது. இன்றைக்கும் அங்கே தேசியத் தேர்தலில் போகாதவருக்கு 20 டொலர் தண்டம். அதற்கு முன் ஒரு கடிதம் வரும். தகுந்த காரணம் சொன்னால் விட்டுவிடுவார்கள். வாக்களிப்பு எப்போதும் சனிக்கிழமை. ஆஸ்பத்திரிக்கும் எட்டாத பாலைவனக் கிராமங்களுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் போவார்கள். சாவடி வாசலில் பாணுக்குள் சொசேஜ் வைத்து விற்பார்கள், அதுவே அங்கே ஒரு திருவிழா.

ஆனால் அதே அவுஸ்திரேலியாவின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த மண்ணின் ஆதிக்குடிகள் எல்லோருக்கும் தேசியத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1962இல்தான். வெள்ளையருக்குக் கட்டாயமாக இருந்த ஒன்று அவர்களுக்கு அனுமதியாகக்கூட இல்லாமல் முப்பத்தெட்டு வருடம் ஓடியது. 1984இல்தான் அவர்களுக்கும் கட்டாயம் ஆனது. இதைச் சொல்லும்போது நம்முடைய பெரிசுகள் தலையாட்டுவார்கள். ஏன் என்று கீழே வரலாற்றுக் கேள்வியில் தெரியும்.

பெல்ஜியம் 1893இலேயே கட்டாயமாக்கிவிட்டது. பிரேசிலில் 18 முதல் 70 வயது வரை கட்டாயம். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு விருப்பம். போடாதவர் காரணமும் காட்டாமல் தண்டமும் கட்டாமல் இருந்தால் கடவுச்சீட்டு எடுப்பதில் சிக்கல் வரும். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் தண்டம் கிடையாது, பெயரை இடாப்பில் இருந்து எடுத்துவிடுவார்கள். சரியான காரணம் இல்லாதவர் 50 டொலர் கட்டித்தான் திரும்பச் சேர்க்க முடியும்.

விட்டுவிட்ட நாடுகளும் உண்டு. நெதர்லாந்து 1970இல் சட்டத்தை நீக்கியது. 95 வீதத்தை ஒட்டி இருந்த வாக்களிப்பு அடுத்த தேர்தலில் 79க்கு இறங்கியது. சிலி இன்னும் சுவாரசியம். 2012இல் கட்டாயத்தை எடுத்தார்கள். 2021 ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றில் பாதிப் பேர்கூட வரவில்லை. 2022இல் புதிய அரசியலமைப்புக்கான சர்வசன வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கினார்கள், 85 வீதத்துக்கு மேல் வந்தது. வந்தவர்களில் பெரும்பான்மையோர் அந்த அரசியலமைப்பு வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனார்கள்! கட்டாயப்படுத்திக் கூப்பிட்டவர்கள் எதிர்பார்த்த பதில்தான் வரும் என்று நினைக்கக் கூடாது.

இந்தியாவில்?

நாடு முழுவதும் இல்லை. குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் கட்டாயமாக்கச் சட்டம் செய்தார்கள். 2015இல் அந்த மாநில நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

நம் ஆட்களின் வாக்கைப் பறித்த நாடு, இப்போது போடு போடு என்று கட்டாயப்படுத்துவதா?

கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர். கோபத்தோடு கேட்டார். இளம் பிள்ளைகளுக்கு இந்தக் கோபம் விளங்குவதில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த நம் தோட்டத்து ஆட்களுக்கு அதிலேயே நிபந்தனைகள் இருந்தன. இங்கேயே நிரந்தரமாக இருப்பேன் என்று நிரூபிக்க வேண்டும். அப்படியிருந்தும் பதிந்துகொண்டார்கள். 1936இல் அட்டன் தொகுதியில் கோ. நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947 பாராளுமன்றத் தேர்தலில் தோட்டத்து ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. இன்னும் பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கை கொடுத்தது.

அந்த வாக்குப் போட்ட விரல் காய்வதற்குள் 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இலங்கையில் பிறந்தார் என்று பத்திரம் காட்டு என்றார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்கு எந்தத் தோட்டத் துரை பிறப்புப் பத்திரம் எடுத்துக் கொடுத்தார்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் இன்னொரு சட்டம்: பிரசை அல்லாதவர் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கக் கூடாது. 1952 தேர்தலில் மலையகத் தோட்டங்கள் வேடிக்கை பார்த்தன. கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தும் பயன் இல்லை. விண்ணப்பம் போட்டால் பிரசாவுரிமை தருவோம் என்ற சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போய், கிடைத்தது ஒன்றரை இலட்சம் பேருக்குக்கூட இல்லை.

பிறகு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், மூட்டையைப் பிரிப்பது போல. மலையகத்தின் பிரதிநிதி ஒருவர் தேர்தலில் வென்று மறுபடி பாராளுமன்றம் போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1986, 1988, கடைசியாக 2003 என்று மூன்று சட்டங்கள் வந்தபிறகுதான் நாடற்றவர் என்ற பேச்சு ஓய்ந்தது.

எங்கள் தாத்தா 1947இல் வாக்குப் போட்டார். அடுத்த முறை போட்டது 1989இல். இடையில் நாற்பத்திரண்டு வருடம். அவருடைய தம்பி ஒப்பந்தத்தில் கூடலூருக்குப் போனார். அங்கே போன கொஞ்ச காலத்தில் இந்தியத் தேர்தலில் வாக்குப் போட்டுவிட்டதாகக் கடிதம் எழுதினாராம். தாத்தா அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை என்று பாட்டி சொல்வார்.

அதனால்தானே நம் ஆட்கள் கட்டாயம் போட வேண்டும்? பட்ட பாட்டை மறந்தால் எப்படி?

போட வேண்டும், சந்தேகமே இல்லை. விகிதாசார முறையில் மாவட்டத்தில் விழும் மொத்த வாக்கை வைத்துத்தான் ஆசனம் பிரிகிறது. பதுளையிலும் கண்டியிலும் இரத்தினபுரியிலும் சிதறிக் கிடக்கிற நம் வாக்குக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் குறைய என்பதே பெரிய கணக்கு.

ஆனால் 'போட வேண்டும்' என்று நான் என் தம்பிக்குச் சொல்வதும், போடாவிட்டால் தண்டம் என்று அரசாங்கம் அவனுக்குச் சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது உறவு. இரண்டாவதைச் சொல்வதற்கு அரசாங்கம் முதலில் தன் பக்கத்தைச் சரிசெய்துவிட்டு வரட்டும் என்பதுதான் என் கட்சி. (கட்சி என்றதும் பயப்பட வேண்டாம், நான் எந்தக் கட்சியும் இல்லை.)

போடாமல் இருப்பதும் ஒரு கருத்துத்தானே?

சில வேளைகளில் ஆம். 1931இல் யாழ்ப்பாணத்தில் வாலிபர் காங்கிரஸ், முழுச் சுயராச்சியம் வேண்டும் என்று தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கில் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாக இருந்தன. அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

1999இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வாக்களிப்பதும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. மாகாண சபைத் தேர்தலை ஒத்திவைத்ததை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. வாக்கு ஒரு பேச்சு என்றால், வாயை மூடிக்கொண்டிருக்கவும் உரிமை வேண்டும் அல்லவா? கட்டாயச் சட்டம் இங்கே வந்தால் முதல் சண்டை இந்த இடத்தில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் பகிஷ்கரிப்பு எல்லாமே விருப்பத்தில் நடந்ததும் இல்லை. 1988 ஜனாதிபதித் தேர்தலில், அப்போது ஆயுதம் ஏந்தியிருந்த ஜே.வி.பி.யின் மிரட்டலுக்கு நடுவே 55 வீதம்தான் வாக்களித்தார்கள். போனவர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். 2005இல் விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் பேர்கூடப் போடவில்லை. அந்தத் தேர்தலில் வெற்றி தோல்விக்கு இடையில் இருந்தது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வாக்குதான். அன்றைக்குக் கட்டாயச் சட்டம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போனால் துப்பாக்கி, போகாவிட்டால் தண்டம்.

யாரையும் பிடிக்கவில்லை என்று போட நம் சீட்டில் இடம் இருக்கிறதா?

இல்லை. இந்தியாவில் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 'மேற்கண்ட எவரும் இல்லை' என்று ஒரு பொத்தான் வந்தது. இங்கே வெறும் சீட்டைப் போட்டாலும் கோபத்தில் எதையாவது எழுதிப் போட்டாலும் 'நிராகரிக்கப்பட்ட வாக்கு' என்ற ஒரே கூடைக்குள்தான் விழும். தெரியாமல் பிழையாகப் போட்ட அப்பாவியும் தெரிந்தே வெறுமையாகப் போட்ட கோபக்காரரும் அந்தக் கூடைக்குள் ஒன்றுதான்.

அந்த நிராகரிக்கப்பட்ட வாக்கு ஏன் இவ்வளவு அதிகம்?

2024 பாராளுமன்றத் தேர்தலில் ஆறரை இலட்சத்துக்கும் மேல். ஜனாதிபதித் தேர்தலில் மூன்று இலட்சம்தான். ஆட்கள் குறைவாக வந்த தேர்தலில் பிழை இரண்டு மடங்கு! காரணம் சீட்டு. ஜனாதிபதித் தேர்தலில் ஒரு பெயருக்கு நேரே புள்ளடி போட்டால் போதும். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்குப் புள்ளடி. அதற்குப் பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டும் வீண். இரண்டு கட்சிக்குப் போட்டாலும் வீண். மூன்று இலக்கத்துக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு மட்டும் சேரும், விருப்பு வாக்கு போய்விடும்.

வாக்கு எண்ணுகிற மேசையில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தச் சீட்டுகளில் பலவற்றைப் பார்த்தால் வயிறு எரியும். அவ்வளவு அழுத்தி, அவ்வளவு கவனமாக, பிழையான இடத்தில் புள்ளடி. தங்களுக்குத் தெரிந்த இலக்கத்தைத் தேடி அதில் மட்டும் போட்டிருப்பார்கள். கட்டாயம் என்று எல்லோரையும் கொண்டுவந்து நிறுத்தினால் இந்தக் கூடை இன்னும் நிறையும். தண்டத்துக்குச் செலவழிக்கிற கடதாசியில் மாதிரிச் சீட்டு அடித்து லயத்துக்கு லயம் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

உண்மையைச் சொல்லுங்கள், நம் ஆட்கள் ஏன் போவதில்லை? சோம்பல்தானே?

சோம்பலும் உண்டு. "எவன் வந்தாலும் நமக்குக் கூடைதானே" என்ற சலிப்பு அதைவிட அதிகம். அந்தச் சலிப்புக்குக் காரணமும் இருக்கிறது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க அது வழிவிடவில்லை. நாங்கள் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்புவோம், அவர் எங்கள் பாதைக்கு ஒரு லோடு கல் போட முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே வருடத் தேர்தலுக்குத்தான் அம்பகமுவ, நுவரெலியா என்று இருந்த இரண்டு பெரிய பிரதேச சபைகளை ஆறாகப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை எல்லாம் தனிச் சபைகள் ஆயின. முப்பது வருடம் பயன் இல்லாத வாக்கைப் போட்டவர்களைப் பார்த்துப் பொறுப்பில்லை என்று சொல்வது எனக்குக் கூசுகிறது.

அப்புறம் அன்றாடக் காரணங்கள். வாக்களிப்பு காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை. 2024 ஜனாதிபதித் தேர்தல் சனிக்கிழமை நடந்தது. பாராளுமன்றத் தேர்தல் வியாழன், உள்ளூராட்சித் தேர்தல் செவ்வாய். கொழுந்தை எடைபோட்டு, தொங்கல் மலையில் இருந்து இறங்கி, குளித்து, உடை மாற்றி, சாவடி இருக்கிற பாடசாலைக்கு இரண்டு கட்டை நடந்தால் மணி மூன்றரை. மழை என்றால் அதுவும் இல்லை. கொழும்பில் கடைகளில் நிற்கிற பையன்களுக்கு வாக்கு இங்கேதான். அட்டனுக்கு பஸ் ஏறி வந்து போக ஒரு நாள் வேண்டும்.

அடையாள அட்டை இன்னொரு தலைவலி. வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டாலும் இடாப்பில் பெயர் இருந்தால் போடலாம், ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள அட்டை ஒன்று இல்லாமல் முடியாது. இதைப் பல பேர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள்: வாக்காளர் அட்டை வரவில்லை, ஆகவே வாக்கு இல்லை என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அந்த அட்டை ஏன் வருவதில்லை? லயத்து வீட்டுக்குச் சரியான முகவரி இல்லை. தபால் எல்லாம் தோட்டத்து ஆபீஸ் வழியாக. ஒரு தேர்தல் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஓர் ஆபீஸ் மேசை லாச்சியில் எங்கள் டிவிசனுடைய அட்டைகள் ரப்பர் வளையத்தோடு கட்டுக் கட்டாக இருந்ததை நானே பார்த்தேன். எந்த ஆபீஸ் என்று எழுதவில்லை. அதில் என் அம்மாவுடையதும் இருந்தது. அம்மா அந்த முறை போகவில்லை. கட்டாயச் சட்டம் இருந்திருந்தால் தண்டக் கடிதம் அம்மாவுக்குத்தான் வந்திருக்கும். அதுவும் அதே லாச்சிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும் என்பது வேறு விசயம்.

வாக்குப் போட லீவு உண்டா? அன்றைய சம்பளம் வெட்டலாமா?

வெட்டக் கூடாது. தனியார் துறை ஊழியருக்கும் வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும்; பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தின்படி குறைந்தது நான்கு மணித்தியாலம். தூரத்தை வைத்து ஒரு கணக்கும் இருக்கிறது: 40 கிலோமீட்டருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். எழுத்தில் கேளுங்கள். கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளை கேட்டால் முதலாளி முகம் சுருங்கும் என்பது எனக்கும் தெரியும்.

முன்னே கேட்ட அக்காவுக்கு இதுதான் பதில். அரைப் பேருக்குக் கை நீட்ட வேண்டியதில்லை அக்கா. வாக்குப் போடக் கொடுத்த நேரத்துக்காகப் பேரில் கை வைக்கக் கூடாது.

என் மகள் குவைத்தில் இருக்கிறாள். பெயர் இங்கே இடாப்பில் இருக்கிறது. அவளுக்கும் தண்டமா?

இதுவரை நடந்த தேர்தல்களில் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கிருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை. தபால் வாக்கு எங்களைப் போன்ற அரச ஊழியர், பொலிஸ், படையினர் போன்றவர்களுக்குத்தான். நாட்டுக்கு டொலர் அனுப்புகிற உங்கள் மகள் பட்டியலில் இல்லை. கட்டாயம் என்று பேசுகிற ஒவ்வொருவரிடமும் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி இது. இடத்தைக் கொடுக்காமல் உட்காரச் சொல்ல முடியாது.

தண்டம் சின்னத் தொகையாக இருந்தால் என்ன? நூறு ரூபாய் போதாதா?

நூறு ரூபாயை வசூலிக்க ஆயிரம் ரூபாய் செலவாகும்: கடிதம், விளக்கம், விசாரணை. பெரிய தொகை என்றால் யார் தலையில் விழும்? 2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அதற்கு முந்திய 1000 ரூபாய்க்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. பணக்காரர் வாழ்கிற கொழும்பு 7இல் இருப்பவர் தண்டத்தைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவார். பண்டாரவளைப் பக்கத்து லயத்தில் இருப்பவருக்கு அது ஒரு நாள் மலை வேலை.

கட்டாயம் என்றால் காசுக்கும் போத்தலுக்கும் வாக்கு வாங்குவது குறையாதா?

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. எல்லோரும் எப்படியும் வருவார்கள் என்றால், ஆட்களைக் கூட்டி வருவதற்காக லொறி பிடிக்கிற வேலை கட்சிகளுக்கு மிச்சம். வாக்காளரை வண்டியில் ஏற்றி இறக்குவது இப்போதும் சட்டப்படி குற்றம்தான். நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். லொறியில் ஏறிவிட்டால் ஏற்றியவருக்கு நன்றிக்கடன் வந்துவிடுகிறது. நான்கு பேர் சொல்கிற கட்சிக்குக் கட்டுப்படாத ஆட்களை வீட்டிலேயே இருக்கவைக்கிற தந்திரமும் நடக்காது. கட்டாயத்தை ஆதரிக்கிறவர்கள் சொல்வதில் இதுதான் பலமான வாதம். அவுஸ்திரேலியாவைப் போல, கட்டாயம் என்று சொன்ன பிறகு சாவடியை வாசலுக்குக் கொண்டுவரும் பொறுப்பு அரசாங்கத்துக்கு வந்துவிடும் என்பதும் உண்மை.

ஆனால் எது முதலில் வர வேண்டும்? அங்கே சனிக்கிழமை, நடமாடும் பெட்டி, வெளிநாட்டில் வாக்கு எல்லாம் இருக்கின்றன, தண்டமும் இருக்கிறது. இங்கே தண்டம் மட்டும் முதலில் வந்து மற்றதெல்லாம் 'பிறகு பார்க்கலாம்' ஆகிவிடும் என்ற பயம் எனக்கு. காத்திருந்து பழகிய ஆட்கள் நாம்.

தேர்தலை வைக்காத அரசாங்கத்துக்கு யார் தண்டம் அடிப்பது?

தலவாக்கலையில் ஓர் இளைஞர் கேட்டார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. கடமையில் இருக்கிற ஆசிரியர் என்பதால் தட்டவில்லை.

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக 2013இல் தேர்தல் நடந்தது. ஊவாவுக்கு 2014இல். பதவிக்காலம் முடிந்து வருடக்கணக்காக ஆளுநர் ஆட்சிதான். 2013க்குப் பிறகு பதினெட்டு வயதான நுவரெலியாப் பிள்ளை ஒன்று, மாகாண சபைக்கு எப்படி வாக்குப் போடுவது என்று தெரியாமலே முப்பதைத் தொடப்போகிறது. உள்ளூராட்சித் தேர்தலை 2023 மார்ச்சில் வைப்பதாகச் சொல்லி, வேட்புமனு எல்லாம் வாங்கிவிட்டு, காசு இல்லை என்றார்கள். மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே மாதம்தான் தேர்தல் நடந்தது.

கட்டாயச் சட்டம் எழுத வேண்டுமென்றால் அதன் முதல் பிரிவு இப்படி இருக்கட்டும் என்று அந்த இளைஞரிடம் சொன்னேன்: பதவிக்காலம் முடிந்தால் குறித்த நாளுக்குள் தேர்தல் கட்டாயம். இரண்டாவது பிரிவில் அம்மாவின் அட்டை லாச்சியில் இருந்து வெளியே வரவேண்டும். மூன்றாவதில் குவைத். இவ்வளவும் வந்தபிறகு நான்காவது பிரிவைப் பற்றிப் பேசலாம். அப்போது நானே மனம் மாறினாலும் மாறுவேன்.

சேர், நீங்கள் எப்போதாவது வாக்குப் போடாமல் விட்டிருக்கிறீர்களா?

ஒரு முறை. தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கிற கடைசித் திகதியை மறந்துவிட்டேன். தேர்தல் நாளில் தூரத்து ஊர் ஒன்றில் கடமை. காலையில் இருந்து மாலை வரை அறுநூறு எழுநூறு பேருக்குச் சீட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன், எனக்கு ஒன்று இல்லை. ஊன்றுகோலோடு மேடேறி வந்த ஒரு பாட்டி, "மகன் போட்டாச்சா?" என்று கேட்டார். தலையாட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்தபோதும் யாருக்கும் தெரியவில்லை. தபாலில் போட்டவர் விரலில் மை இருக்காது அல்லவா.